ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) ஆகி வருஷங்கள் கழித்து எவ்வளவு சாப்பிடலாம்?

நாலைந்து வருஷமானால் ஒரு வேளைக்கு ஒன்று, ஒன்றரை கப் உள்ளே போவது சகஜம்தான், பதற வேண்டாம். எடையை ஏற்றுவது பல நேரம் டீயில் நனைத்த பிஸ்கட்டும், அவ்வப்போது கொறிக்கும் மிக்சரும், குழைந்த தயிர்சாதமும். இவை வயிற்றில் நிற்காமல் வழுக்கி இறங்கிவிடும்; கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிக்கும்.

முதலில் 2 முட்டை, அல்லது உள்ளங்கையளவு மீன், பனீர். அப்புறம் பொரியல். இடமிருந்தால் மட்டும் 2 கரண்டி சோறு. நாளுக்குப் புரதம் 60 கிராமாவது சேர வேண்டும். நன்றாக மென்று 20 நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், ரசம் எல்லாம் சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். நடுவில் விக்கலோ மூக்கொழுகலோ வந்தால் (பலருக்கு வரும்) வயிறு நிறைந்துவிட்டது, தட்டில் மிச்சமிருந்தாலும் எழுந்துவிடுங்கள். வைட்டமின் பி12, இரும்புச்சத்து போன்றவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை வருஷாவருஷம், ஆயுசுக்கும் விடாமல் செய்யுங்கள்.