மருந்தடித்துவிட்டு வந்தவர் வியர்த்துக் கொட்டினால்

வயலில் பூச்சிமருந்தடித்துவிட்டு வந்தவருக்கு வியர்த்துக் கொட்டி, வாயில் எச்சில் வழிந்து, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தால், ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். நீங்கள் அவருடைய சட்டையைக் கழற்றுங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மருந்தில் நனைந்த பனியனோடு ஒரு மணி நேரம் வேனில் படுத்து வந்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. வழி நெடுக அந்தப் பனியன் விஷத்தைத் தோலுக்குள் ஏற்றிக்கொண்டே வந்திருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். தசை சுருங்க வேண்டுமானால் நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கும். வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைக் கண நேரத்தில் சிதைத்துவிடும், தசை தளரும். குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. தசைக்குச் சுருங்கச் சொல்லும் கட்டளை ஓய்வதே இல்லை. கெண்டைக்காலைப் பாருங்கள்: தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை துடிக்கும். துடித்துத் துடித்துச் சோர்ந்து செயலிழக்கும். நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் தசைகளும் நின்றுபோவதுதான் உயிரைப் பறிக்கிறது. 1936-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் பூச்சிக்கொல்லி தேடியபோது கண்டறிந்த தபூன் என்ற நச்சும், 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் ஆட்களைக் கொல்லப் பரப்பப்பட்ட சரின் என்ற நச்சும் இதே இனம். நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் பாட்டிலை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

கையில் ரப்பர் கையுறை, இல்லையென்றால் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொண்டு, சோப்பு போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தலைமுடி, காதின் பின்புறம், நகக்கண், தொப்புள் எதையும் விடாதீர்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கழற்றிய துணியைப் பையில் கட்டி வெளியே வையுங்கள்.

மருந்து வாய்க்குள் போயிருந்தாலும் மோர், உப்புக்கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள்; வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தில் கலந்துள்ள கரைப்பான் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நினைவு தப்பினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம்.

பாட்டிலை மறக்காமல் எடுத்து வாருங்கள். “ஏதோ பூச்சிமருந்து” என்று சொன்னால் எங்களுக்குப் போதாது. எல்லா மருந்துக்கும் ஒரே சிகிச்சை கிடையாது.

மருத்துவமனையில் அட்ரோபின் என்ற முறிமருந்து ஊசி போட்டதும் நெஞ்சின் களகளப்பு குறையும், எச்சில் வற்றும். உறவினர்கள் பிழைத்துவிட்டார் என்று பெருமூச்சு விடுவார்கள். அட்ரோபின் சுரப்பைத்தான் அடக்கும். தசைக்குப் பலம் தராது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கே இரண்டாம், மூன்றாம் நாளில் மூச்சுத் தசை தளரலாம். இலங்கை மருத்துவர்கள் 1987-இல் இதை விரிவாக எழுதினார்கள். அதன் முதல் அறிகுறி கழுத்தில் தெரியும். ஆகவே அருகில் இருப்பவர்கள் முதல் நான்கு நாட்களும் அடிக்கடி, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். தூக்க முடியவில்லை என்றால், நள்ளிரவு இரண்டு மணியானாலும் தயங்காமல் எங்களை எழுப்புங்கள்.