பழைய வீட்டோடு ஒரு அறை சேர்க்க: கடைக்கால் தோண்டும் முறை

வீட்டுக்குப் பின்னால் 10-க்கு 12 அடியில் ஒரு அறை இழுக்கிறீர்கள், தரைத்தளம் மட்டும், 9 அங்குலச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கால், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டப்போவது ஆட்கள்தான். ஆனாலும் பக்கத்திலேயே பழைய அஸ்திவாரம் இருப்பதால் கூடவே நின்று பார்க்க வேண்டிய வேலை இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்க வேண்டாம்.

முதலில் ஒரு சோதனைக் குழி

செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய், தண்ணீர் லைன், கரண்ட் கேபிள் எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அப்புறம் பழைய சுவரை ஒட்டி 2 அடிச் சதுரத்தில் ஒரே ஒரு குழி. பழைய அஸ்திவாரத்தின் அடி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே போகக்கூடாது. அந்த ஆழத்தை எழுதிவையுங்கள்.

மண்ணையும் அங்கேயே பார்த்துவிடலாம். செங்கல் துண்டு, பாலிதீன், கரி வந்தால் அது கொட்டி நிரப்பிய மண். கடைக்கால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். கடப்பாரையைப் போட்டால் 'ணங்' என்று எகிறும் செம்மண்ணோ சரளையோ வந்தால் கவலையில்லை. கோடையில் வெடிப்பு விடும் கரிசல் என்றால் இந்த முறையே பொருந்தாது, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். "மூணடி போதும் சார்" என்று மேஸ்திரி போனிலேயே சொன்னால் ஏற்காதீர்கள். குழியைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

கோடு போடுதல்

சுவர்களின் நடுக்கோட்டுக்கு நூல் கட்டுங்கள். முளைக்குச்சியை மூலையிலேயே அடித்தால் தோண்டும்போது போய்விடும். 3 அடி வெளியே தள்ளி அடியுங்கள். மூலைக்கு 3-4-5 கணக்கு: ஒரு நூலில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் சரியாக 5 அடி வர வேண்டும். கடைசியாக எதிர் மூலைகளை அளந்து பாருங்கள். நடுக்கோடு 10-க்கு 12 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 15 அடி 7½ அங்குலம் இருக்கும். அரை அங்குலம் இழுத்தால் இப்போதே திருத்திவிடுங்கள். அப்புறம் கோட்டுக்கு இரண்டு பக்கமும் 15 அங்குலம் விட்டுச் சுண்ணாம்புத் தூள் போட்டால், இரண்டரை அடி அகலக் கடைக்கால்.

ஈசானி மூலையில் பூஜை போட்டு முதல் வெட்டு வெட்டுவது வழக்கம். அதற்கு நேரம் கொடுத்துவிடுங்கள். ஆட்களும் மனசு வைத்து வேலை செய்வார்கள்.

தோண்டுதல்

நல்ல மண்ணில் 3 முதல் 4 அடி ஆழம் வரும். பக்கங்கள் செங்குத்தாக, அடி மட்டமாக இருக்க வேண்டும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து நாலைந்து இடத்தில் பாருங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பார்கள், விடாதீர்கள். 5 அடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். ஆழம் 5 அடியை நெருங்கினால் முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக்கூடாது.

பழைய சுவரைத் தொடும் இரண்டு முனைகளில்தான் கவனம் அதிகம் வேண்டும். அங்கே புதுக் கடைக்காலின் அடியும் பழைய அஸ்திவாரத்தின் அடியும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். அந்த மட்டத்தில் நல்ல மண் இல்லையென்றால் இன்னும் ஓரடி என்று இறங்காதீர்கள். பழைய சுவரின் அடிமண் சரிந்துவிடும். வேலையை நிறுத்தி இன்ஜினியரைக் கேளுங்கள். சுவரை ஒட்டி நீளவாக்கில் தோண்ட வேண்டிவந்தால் 4 அடி 4 அடியாக, ஒரு துண்டைக் கட்டி முடித்த பிறகு அடுத்தது.

புதுக் கட்டடம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதனால் பழைய சுவரில் பல் விட்டு (புதுச் செங்கலைப் பழைய சுவருக்குள் செருகிக் கோத்து) இணைக்காமல், இடையில் ஓர் அங்குலத் தெர்மாகோல் வைத்து அஸ்திவாரத்திலிருந்தே பிரித்துவிடுங்கள். கூரையும் புதுச் சுவர்கள் மேலேயே நிற்கட்டும்.

அடித்தளம்

தளர்ந்த மண்ணை வழித்தெடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடியுங்கள். எங்காவது கூடுதலாகத் தோண்டியிருந்தால் மண் போட்டு நிரப்பாதீர்கள், கான்கிரீட்டாலேயே நிரப்புங்கள். மழை பெய்து தண்ணீர் நின்றிருந்தால் இறைத்துவிட்டு, ஊறிய சேற்றையும் அள்ள வேண்டும். கரையான் மருந்து அடிப்பதும் இப்போதுதான். பிறகு 1:4:8 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி), ஒன்றரை அங்குல ஜல்லி போட்டு 4 அங்குலக் கனத்துக்குக் கான்கிரீட். அது இறுகும்வரை ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அதன் மேல் நூலைத் திரும்பக் கட்டி, தூக்குக்குண்டால் நடுக்கோட்டை இறக்கிக் குறித்தால் கருங்கல் கட்டு தொடங்கலாம்.