பொன்னியின் செல்வனிலிருந்து ஒரு படம் போட: முகத்தை விடுங்கள், இடத்தைப் பிடியுங்கள்

பிடித்த நாவலை வைத்து ஒரு படம் போடலாம் என்று உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் தொடங்குவது முகத்தில்தான். பொன்னியின் செல்வன் என்றால் வந்தியத்தேவன் முகம், குந்தவை முகம், நந்தினியின் கண்கள். அங்கேயேதான் சிக்கலும் தொடங்குகிறது. 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோதே ஓவியர் மணியம் அந்த முகங்களை வாசகர்கள் மனதில் பதித்துவிட்டார், பிறகு வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள், 2022-லும் 2023-லும் திரைப்படமும் வந்துவிட்டது. இப்போது நீங்கள் எந்த முகத்தை வரைந்தாலும் அது ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒரு முகத்தின் சாயலில்தான் வந்து நிற்கும். ஆனால் கோடிக்கரைச் சதுப்பு நிலமோ, ஆடிப்பெருக்கில் வீரநாராயண ஏரிக்கரையோ அப்படி இல்லை, அதைப் படிக்கும்போது உங்களுக்குள் ஒரு இடம் தானாகவே உருவாகியிருக்கும், அது உங்களுக்கு மட்டுமே சொந்தமான இடம். அதை வரையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சரி, எந்தக் காட்சி? கதையில் முக்கியமான திருப்பம் எது என்று தேடாதீர்கள். திருப்பங்கள் பெரும்பாலும் பேச்சில்தான் நடக்கும், பேச்சை வரைய முடியாது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு பிடித்த அத்தியாயத்தை மறுபடி படியுங்கள், மூன்று விஷயம் வரும் இடங்களில் மட்டும் கோடு போடுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, காலுக்குக் கீழே என்ன இருக்கிறது, கையில் அல்லது பக்கத்தில் என்ன பொருள் இருக்கிறது. மூன்றும் ஒரே பக்கத்தில் கிடைத்தால் உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் ஏரிக்கரைக் கூட்டம் முழுவதையும் வரையப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதே காட்சியில் தென்னங்குருத்தில் கட்டிய ஒரு சப்பரம், அதைச் சுற்றிப் புதுவெள்ளத்தின் செம்மண் நிறத் தண்ணீர், மிதக்கும் பூக்கள், இவ்வளவுதான் என்று குறுக்கிக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது இரண்டாம் பாகமான சுழற்காற்றின் தொடக்கத்தில் வரும் கோடிக்கரை இரவு. சதுப்பு நிலத்தில் குப் குப்பென்று எழுந்து மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைப் படகோட்டிப் பெண் பூங்குழலி வந்தியத்தேவனுக்குக் காட்டும் இடம். வாட்டர்கலருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. காரணம் வெளிச்சம். சதுப்பில் மக்கும் பொருள்களிலிருந்து வரும் வாயு பற்றி எரிவதுதான் அந்த நெருப்பு என்பார்கள், அப்படியானால் வெளிச்சம் தரையிலிருந்து மேலே போகிறது, வானம் இருட்டாகவே இருக்கிறது. நிலா வெளிச்சப் படங்களுக்கு நேர் எதிர். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துவிட்டால் மீதி எல்லாம் கைக்கு வந்துவிடும்.

பேப்பர் 300 ஜிஎஸ்எம் (பேப்பரின் கனத்தைச் சொல்லும் அளவு) வாட்டர்கலர் பேப்பராக இருக்கட்டும், ஏ4 அளவு போதும். சாதாரண டிராயிங் பேப்பரில் இவ்வளவு தண்ணீர் விட்டால் அலை அலையாக எழும்பிவிடும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டு ஒரு பலகையில் ஒட்டிவிடுங்கள். நிறங்கள் நான்குதான்: லெமன் யெல்லோ, ஆரஞ்சு, பிரஷ்யன் ப்ளூ என்ற அடர்நீலம், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு. கறுப்பு ட்யூபைத் திறக்க வேண்டாம். ப்ளூவையும் அம்பரையும் கெட்டியாகக் கலந்தால் கிடைக்கும் இருட்டுக்குள் ஒரு நீலம் இருக்கும், அதுதான் இரவு, வெறும் கறுப்பு அடைத்துக்கொண்டு நிற்கும்.

பெரிய பேப்பரைத் தொடும் முன் தீப்பெட்டி அளவில் நாலைந்து கட்டம் போட்டு, எது எங்கே வர வேண்டும் என்று பென்சிலால் கிறுக்கிப் பாருங்கள். தொடுவானத்தை மேலே தள்ளி, படத்தின் பெரும்பகுதியைச் சதுப்புக்கே கொடுப்பது எனக்குப் பிடிக்கும். இரண்டு பேரும் சின்னதாக, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையோரம் நிற்கட்டும், முகப் பிரச்சினையே இல்லை.

இப்போது நெருப்பு. நெருப்பு வரும் இடங்களில் மட்டும் சுத்தமான தண்ணீரால் நனைத்து, ஈரத்தில் மஞ்சளைச் சொட்ட விடுங்கள், நடுவில் கொஞ்சம் பேப்பரின் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, ஓரத்தில் ஆரஞ்சு. பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், தானாகப் பரவட்டும். அப்புறம் முழுக்கக் காய விடுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காய்ந்த பிறகு நெருப்பைத் தவிர மற்ற இடம் முழுவதையும் நனைத்து, இருட்டை நான்கு ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கொண்டுவாருங்கள், நெருப்பை நெருங்க நெருங்க நிறத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், அப்போதுதான் ஒளிவட்டம் போல ஒரு மங்கல் கிடைக்கும். வாட்டர்கலர் காய்ந்தால் வெளுக்கும், அதனால் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிற அளவுக்கு அடர்த்தியாக வையுங்கள். போதாவிட்டால் காய்ந்தபின் இரண்டாவது பூச்சு. சேற்றில் தெரியும் பிரதிபலிப்பு ஒவ்வொரு நெருப்புக்கும் நேர் கீழே, அதைவிட மங்கலாக, துண்டு துண்டாக இருக்க வேண்டும். ஆட்களைக் கடைசியில் வெறும் இருட்டு உருவமாகப் போட்டு, நெருப்பைப் பார்த்திருக்கும் விளிம்பில் மட்டும் முடி அளவு ஆரஞ்சு கோடு ஒன்று. இருட்டின் மேல் வாட்டர்கலர் எடுபடாது, கொஞ்சம் போஸ்டர் கலர் தொட்டுக்கொள்ளுங்கள்.

உடை, கட்டடம் விஷயத்தில் திரைப்படத்தைப் பார்த்து வரைவதைவிடச் சோழர் காலச் சிற்பத்தைப் பாருங்கள். கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் கருவறைச் சுவர்களில் இருக்கும் ஆண், பெண் உருவங்கள் முற்காலச் சோழர் காலத்தவை, ஆடை மடிப்பும் கொண்டையும் நகையும் அவ்வளவு தெளிவாகத் தெரியும். சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளின் முன்னால் ஸ்கெட்ச் புத்தகத்தோடு ஒரு மதியம் நின்றாலே நிறையக் கிடைக்கும். ஒன்று கவனம்: தஞ்சாவூரை வரைந்தால் பின்னணியில் பெரிய கோயில் விமானத்தை வைத்துவிடாதீர்கள். ராஜராஜன் பட்டத்துக்கு வந்ததே 985-ல், கோயில் முடிந்தது 1010-ல். கதை நடப்பது அதற்கெல்லாம் முன்னால். கோடிக்கரைக்கே போக முடிந்தால் போய்விடுங்கள், வேதாரண்யத்திலிருந்து பக்கம்தான். சேற்றின் நிறம் பழுப்பு இல்லை, சாம்பலும் பச்சையும் கலந்த ஏதோ ஒன்று என்பது நேரில் பார்த்தால்தான் புரியும்.

உருவம் வரையவே வராது என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, வரைபடம். காஞ்சியிலிருந்து புறப்பட்ட வந்தியத்தேவன் வீரநாராயண ஏரி, கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று போய்க் கடலைத் தாண்டி ஈழம் சேரும் பாதை. கொள்ளிடத்தையும் காவிரியையும் இந்தியன் இங்க்கில் இழுத்து, ஒவ்வொரு ஊருக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பொருள்: குடந்தைக்குச் சோதிடரின் ஓலைச்சுவடி, கோடிக்கரைக்குப் படகு. பழைய காகிதம் போலத் தெரிய டீத் தண்ணீரில் நனைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, பேப்பர் சீக்கிரம் கெட்டுவிடும். யெல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சள் நிறத்தை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு கொடுத்தால் அதே தோற்றம் வரும்.

படத்தின் கீழே நாவலிலிருந்து ஒரு வரி எழுத ஆசைப்பட்டால் தாராளமாக எழுதலாம், கல்கியின் எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமையாகிவிட்டன. ஆனால் தொடருக்கு வரைந்த ஓவியங்களும் திரைப்படக் காட்சிகளும் வேறு கணக்கு, அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், மேலே பேப்பர் வைத்து இழுக்காதீர்கள். விற்கும் எண்ணம் இருந்தால் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள்.

முடிந்ததும் டேப்பைப் பேப்பருக்கு நெருக்கமாகச் சாய்த்து மெதுவாக உரியுங்கள். ஃப்ரேம் போடும் கடையில் மவுண்ட் போர்டு (படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைக்கும் அட்டைச் சட்டம்) வைத்துப் போடச் சொல்லுங்கள், கண்ணாடி படத்தை ஒட்டி இருந்தால் மழைக்காலத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டினால் நிறம் வெளுக்கும். பின்பக்கம் பாகம், அத்தியாயம், தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.