பைனரி லாக்கை இயக்கியதும் நின்றுபோன டேட்டாபேஸ் சர்வர்

மைஎஸ்கியூஎல் 5.7 சர்வர் ஒன்று. பைனரி லாக், அதாவது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு, இல்லாதவரை நன்றாக ஓடியது. அதை இயக்கும் வரியை கான்ஃபிக் கோப்பில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் உடனே நின்றுவிடும். வரியை எடுத்தால் மறுபடி ஓடும்.

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி காட்டும் செய்தியிலிருந்து ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டியது சர்வரின் சொந்த எரர் லாக். சர்வர் ஐடி (சர்வரை அடையாளம் காட்டும் எண்) இல்லை என்று அதன் கடைசி வரிகளில் இருந்தது. 5.7-இல் பைனரி லாக் வேண்டுமென்றால் அதுவும் கட்டாயம்.

சரி, சேர்த்தாயிற்று. இப்போது வேறு பிழை: எரர் கோட் 13, அனுமதி மறுப்பு. லாக் கோப்புகள் தனி டிஸ்க்குக்குப் போக வேண்டும். அந்த ஃபோல்டரின் உரிமையாளர் மைஎஸ்கியூஎல் பயனர்தான், அனுமதிகளும் சரியாகவே இருந்தன. அப்படியும் எழுத முடியவில்லை என்றால் உபுண்டுவில் அடுத்துப் பார்க்க வேண்டியது ஆப்ஆர்மர்; ஒரு நிரல் எந்தக் கோப்புகளைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு அது. கெர்னல் லாக்கில் அதன் மறுப்பு பதிவாகியிருந்தது. மைஎஸ்கியூஎலுக்கான ஆப்ஆர்மர் விதிக் கோப்பில் (ப்ரொஃபைல்) புதிய பாதையைச் சேர்த்து ரீலோட் செய்ததும் சர்வர் கிளம்பியது. இந்த இடத்தில் ஆப்ஆர்மரையே அணைப்பதோ, ஃபோல்டருக்கு 777 (எல்லோரும் படிக்க, எழுத அனுமதி) கொடுப்பதோ தயவுசெய்து வேண்டாம். டேட்டாபேஸில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் அந்த லாக் கோப்புகளில் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. 5.7.7 முதல், பைனரி லாக்கில் எழுத முடியாமல் போனால் சர்வர் தானே நின்றுவிடுவதுதான் இயல்பான அமைப்பு. இந்த லாக்கைப் படித்து நகலாக இயங்கும் சர்வரில் (ரெப்ளிகா) தரவு மாறுபட்டுவிடக் கூடாதே! அதனால் அதைத் தொடவில்லை. டிஸ்க் நிரம்பாமலிருக்க, பழைய லாக்குகள் தானாக அழியும்படி காலக்கெடு வைத்தேன். 5.7-இல் அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது நாமாக அழிக்கும்வரை எதுவும் போகாது.