ரிலே கடிகாரம் எவ்வளவு தப்புகிறது என்று முதலில் பாருங்கள்

மின்லைனில் கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவிதான் ரிலே. அது மணி பார்த்து டிரிப் (திறக்கும் கட்டளை) கொடுப்பதில்லை. ஓவர்கரண்ட், டிஸ்டன்ஸ் போன்ற வழக்கமான பாதுகாப்புக்கு மின்னோட்டமும் மின்னழுத்தமும் போதும். கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்தங்கினாலும் பிரேக்கர் ஒழுங்காகத் திறக்கும். அதனால்தான் டைம் சிங்க் வேலையை, அதாவது எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவருவதை, கமிஷனிங்கின் (புதுக் கருவிகளைச் சோதித்து இயக்கத்துக்குக் கொண்டுவரும் பணியின்) கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். அத்திப்பட்டில் ஒரு முனை, மணலியில் மறுமுனை என்று ஒரு லைன் டிரிப் ஆகிறது என வைத்துக்கொள்வோம். எந்த முனை முதலில் திறந்தது என்ற கேள்விக்கான விடை சில மில்லிசெகண்டுகளில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு முழுச் சுற்றே 20 மில்லிசெகண்ட்தான். இரண்டு ரெக்கார்டும் வேறு வேறு நேரம் சொன்னால் மீட்டிங்கில் சண்டை மட்டும்தான் மிஞ்சும். 2003 ஆகஸ்டில் அமெரிக்காவும் கனடாவும் இருண்டபோது, விசாரணைக் குழு தன் பரிந்துரைகளில் ஒன்றாகவே நேரம் ஒத்திசைந்த பதிவுக் கருவிகளைக் கேட்டது.

நேரம் தப்பினால் உடனே கேபிளைப் பிடுங்க வேண்டாம். எவ்வளவு தப்புகிறது என்பதே பாதி விடை.

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கினால், யுடிசி எனும் உலகப் பொது நேரத்தின் மேல் நம்மூர் நேர வித்தியாசத்தை யாரும் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரம் முந்தினால் இரண்டு முறை ஏற்றியிருக்கிறார்கள்: செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கி ரிலேக்களுக்குக் கொடுக்கும் ஜிபிஎஸ் கிளாக் ஏற்கெனவே இந்திய நேரத்தை அனுப்புகிறது, ரிலே அதை யுடிசி என்று நம்பி மறுபடி கூட்டுகிறது. 12 நிமிடம் மட்டும் பின்தங்குவது வேடிக்கையான கேஸ். மணியைத் தசமத்தில் கேட்கும் கட்டத்தில் 5.5 என்று போடாமல் 5.30 என்று போட்டால், ரிலே அதை 5 மணி 18 நிமிடமாக எடுத்துக்கொள்ளும். சில ரிலேக்கள் நிமிடத்தில் கேட்கும், அங்கே 330. மேனுவலில் அலகைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

இதைவிடத் தந்திரமான ஒன்று உண்டு. ரிலே திரையில் நேரம் சரி, கண்ட்ரோல் ரூம் திரையில் மட்டும் ஐந்தரை மணி நேரம் அதிகம். ரிலே கண்ட்ரோல் ரூமோடு பேசும் ஐஇசி 61850 நெறிமுறையில் நேரமுத்திரை யுடிசியில் போக வேண்டும். ரிலேயின் ஆஃப்செட்டைப் (யுடிசியோடு உள்ள நேர வித்தியாசத்தைப்) பூஜ்யமாக விட்டு இந்திய நேரத்தை அப்படியே ஊட்டினால், அது உள்ளூர் நேரத்தை யுடிசி என்று சொல்லி அனுப்பும். கண்ட்ரோல் ரூம் கணினியான ஸ்காடா தன் பங்குக்குக் கூட்டிக்கொள்ளும். என் கட்சி இதுதான்: கிளாக் யுடிசியை அனுப்பட்டும், ரிலே கூட்டிக்கொள்ளட்டும். நெட்வொர்க் வழியே நேரம் அனுப்பும் எஸ்என்டிபியில் போவதும் எப்படியும் யுடிசிதான்.

மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒரு மணி நேரம் முந்தினால், ஐரோப்பாவின் கோடைக்கால நேர அமைப்பை யாரும் அணைக்கவில்லை. 37 செகண்ட் முந்தினால், நெட்வொர்க்கில் இன்னும் துல்லியமாக நேரம் அனுப்பும் பிடிபி: அது ஓடுவது அணுநேரத்தில், யுடிசிக்கு மாற்றும் தகவல் ரிலேக்குப் போய்ச் சேரவில்லை. 18 செகண்ட் என்றால் ஜிபிஎஸ் நேரம் லீப் செகண்டு (யுடிசியில் இடையிடையே சேர்த்த செகண்டு) கழிக்கப்படாமலே வருகிறது.

நேரம் சரி, தேதி மட்டும் ஒரு நாள் தப்பு என்றால், கிளாக்கிலிருந்து தனி ஒயரில் நேரக் குறியீடு கொண்டுவரும் ஐரிக்-பி பக்கம் பாருங்கள். பழைய ஐரிக்-பி வருடத்தைச் சொல்லாது. வருடத்தின் எத்தனையாவது நாள் என்று மட்டும் சொல்லும். பேட்டரி செத்து 2000-க்குப் போய்விட்ட ரிலே, 60-வது நாளை லீப் வருடக் கணக்கில் பிப்ரவரி 29 என்று காட்டும். 2025-இல் அன்று மார்ச் 1. நேரமே ஏறவில்லையா? ஐரிக்-பியில் டிசி வகையும் 1 கிலோஹெர்ட்ஸில் பண்பேற்றிய வகையும் வேறு வேறு; ஒன்றுக்கான போர்ட் மற்றதைப் பொதுவாக ஏற்காது. எஸ்என்டிபி என்றால் யுடிபி 123 திறந்திருக்கிறதா, பிடிபி என்றால் டொமைன் எண் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

நேரம் அவ்வப்போது குதித்தால் இரண்டு எஜமானர்கள் இருக்கிறார்கள்: ஐரிக்-பி ஒரு பக்கம், ஸ்காடா ஐஇசி 103 அல்லது 104 நெறிமுறை வழியாக மறுபக்கம். ஒன்றை அணைத்துவிடுங்கள்.

எண்ணூர் பக்கம் கடல் உப்பும் சாம்பல் தூசியும் சேர்ந்து ஆண்டெனா கனெக்டரைத் தின்றுவிடும். மொட்டை மாடியில் நீர் புகாத டேப் சுற்றியிருக்கிறதா, மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறதா என்று மழைக்கு முன் ஒரு முறை ஏறிப் பாருங்கள். ஆண்டெனா செத்தாலும் கிளாக் தன் உள் ஆசிலேட்டரில் நேரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரிலே திரையில் ஒன்றும் தெரியாது, மெல்ல மெல்ல விலகும். கிளாக்கின் அலாரம் கான்டாக்ட்டை ஸ்காடாவுக்கு இழுக்காமல் விடுவது நான் அதிகம் பார்க்கும் குறை. ரெண்டு ஒயர் வேலை, அதைக்கூட டிராயிங்கில் காட்டியிருக்க மாட்டார்கள்.

சோதிக்கும்போது திரையைப் பார்த்து டிக் போடாதீர்கள். ஒரே கான்டாக்ட்டை இரண்டு ரிலேயின் பைனரி இன்புட்டுக்கும் கொடுத்து, ஈவென்ட் பதிவில் மில்லிசெகண்டை ஒப்பிடுங்கள். ஐந்து, பத்து மில்லிசெகண்ட் வித்தியாசம் மாறாமல் வந்தால், கிளாக்கைத் திட்டுவதற்கு முன் இரண்டு இன்புட்டிலும் டிபவுன்ஸ் நேரம் (சிக்னல் நிலைக்கும் வரை இன்புட் காத்திருக்கும் நேரம்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.