புது போன்ல கால் கட் ஆகுது, சார்ஜும் நிக்கல: மாத்தித் தர்ற நாள் முடியறதுக்குள்ள என்னென்ன செக் பண்ணணும்

புது போன் வாங்கி நாலாவது நாள் எங்க அத்தை கேட்டாங்க, "ஏன்டா, பழைய போன்லயாவது முழுசா பேசுவ, இதுல அலோ அலோன்னே முடிச்சிடுறியே"ன்னு. அது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் காலைல நூறுல எடுத்துட்டுப் போனா சாயங்காலம் ஆறு மணிக்கு 18%, இத்தனைக்கும் 5000 எம்ஏஹெச் பேட்டரி. வாங்குன கடைல கேட்டா "நெட்வொர்க் பிரச்சனை சார்", கஸ்டமர் கேருக்கு அடிச்சா "ஹேண்ட்செட்ட செக் பண்ணுங்க சார்". ரெண்டு பேருக்கும் நடுவுல பந்து மாதிரி உருண்டதுக்கு அப்புறம் தான் நானே உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன்.

மொதல்ல ஒரு விஷயம். கால் கட் ஆகுறதும் பேட்டரி இறங்குறதும் நாம நெனைக்கிற மாதிரி ரெண்டு வியாதி இல்லீங்க, நெறைய நேரம் ஒண்ணுதான். டவர் பக்கத்துல இருந்தா போன் மெதுவா பேசும், தூரமா இருந்தாலோ நடுவுல நாலு காங்க்ரீட் செவுரு இருந்தாலோ கத்திப் பேசும், அப்படி கத்துறதுக்கு கரண்ட் எங்கேர்ந்து வரும், பேட்டரில இருந்துதான். அவ்ளோ கத்தியும் கேக்கலைன்னா கால் கட். அதனால பேட்டரிய மட்டும் தனியா திட்டி பிரயோஜனமில்ல.

இத கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி போதும். மொத நாள் தூங்கப்போறப்ப பர்சன்டேஜ குறிச்சு வச்சுட்டு ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு படுங்க, மறுநாள் ராத்திரி எப்பவும் போல சிம் ஆன்ல விட்டுட்டு, வைஃபைய மட்டும் ஆஃப் பண்ணிட்டு படுங்க. எனக்கு ஏரோப்ளேன் மோட்ல 2% எறங்குச்சு, சிம் ஆன்ல 13%. அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு, அத உறிஞ்சறது பெரும்பாலும் சிக்னல்தான்னு அர்த்தம். ரெண்டு ராத்திரியுமே கன்னாபின்னான்னு எறங்குனா ஏதோ ஆப்போ பேட்டரியோ கோளாறு, அது வேற கதை.

அடுத்தது சிக்னல். மேல தெரியற கோட்ட நம்பாதீங்க, எத்தன கோடு காட்டணும்ங்கறது கம்பெனிக்கு கம்பெனி வேற. செட்டிங்ஸ்ல அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ் போனா சிக்னல் ஸ்ட்ரெங்த்னு மைனஸ்ல ஒரு நம்பர் இருக்கும், டிபிஎம்னு போட்டிருக்கும். 4ஜில மைனஸ் 90 பக்கம் இருந்தா சூப்பர், மைனஸ் 110 தாண்டுனா சந்தேகம், 120 வந்துட்டா அங்க நின்னு பேசவே பேசாதீங்க. 90க்கும் 110க்கும் வெறும் 20 தானேன்னு நெனச்சுடாதீங்க, இந்த கணக்குல பத்து எறங்குனா சிக்னல் பத்துல ஒரு பங்கா ஆயிடும், அப்போ இருபதுன்னா நூறுல ஒரு பங்கு. எங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர், ஹால்ல 104, நான் பேசுற பெட்ரூம்ல 117, மொட்டமாடில 86. அத்தை கேட்ட அலோ அலோவுக்கு காரணம் தெரிஞ்சுதா.

இருந்தாலும் போன் மேல தப்பு இல்லைன்னு இதோட முடிவு கட்டக்கூடாது. பழைய போன் கைல இருந்தா அதே சிம்ம அதுல போட்டு, அதே எடத்துல, அதே நேரத்துல அஞ்சு கால் பேசிப் பாருங்க. பழசுலயும் கட் ஆனா எடம் சரியில்ல. பழசுல நல்லா கேட்டு புதுசுல மட்டும் கட் ஆனா உடனே மாத்தக் கேளுங்க. பேக் கேஸ கழட்டிட்டு டெஸ்ட் பண்ணுங்க, மெட்டல் ப்ளேட் வச்ச கேஸ் சிக்னல மறைக்கும்.

இப்போ எனக்கே சிரிப்பு வந்த விஷயம். கட் ஆன கால்ல பாதி கட் ஆகவே இல்ல, என் கன்னம் தான் மியூட் பட்டன அமுக்கிட்டு இருந்துச்சு! போன காதுல வச்சா ஸ்க்ரீன் அணையணும், அதுக்கு மேல ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் இருக்கும், கடைல ஒட்டிக்குடுத்த டெம்பர்ட் கிளாஸ் அந்த எடத்துல கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்ததுனால சென்சார் குழம்பிப்போச்சு. கால் பேசும்போது மேல் பக்கத்த கையால மூடுங்க, ஸ்க்ரீன் அணையலைன்னா கிளாஸ உரிச்சுட்டு மறுபடி பாருங்க. சாம்சங்ல *#0*# அடிச்சா டெஸ்ட் மெனு வரும், அதுல சென்சார்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் பாக்கலாம். இன்னொண்ணு, அக்சஸிபிலிட்டி செட்டிங்ல பவர் பட்டன் அமுக்குனா கால் கட் ஆகுற ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாத்துடுங்க, கைப்பட்டு கட் ஆகும்.

பேட்டரிய குடிச்சது யாருன்னா ரெண்டாவது சிம். பேங்க் ஓடிபிக்காக வச்சிருக்கற பழைய நம்பர், அதுக்கு எங்க வீட்டுக்குள்ள டவரே கெடையாது, அது நாள் பூரா டவர தேடிட்டே இருந்துருக்கு. ஒரு நாள் அத ஆஃப் பண்ணி வச்சேன், ராத்திரி 13% எறங்குனது 4% ஆச்சு. இப்போ ஓடிபி வேணும்னா மட்டும் ஆன் பண்றேன்.

செட்டிங்ல வோல்டி, அதாவது 4ஜி வழியாவே கால் பேசற வசதி, ஆன்ல இருக்கணும், இது கட்டாயம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கெடையாது, வோல்டி இல்லைன்னா சாதா கால் போகாது. மத்த நெட்வொர்க்ல வோல்டி இல்லைன்னா 2ஜிக்கோ 3ஜிக்கோ எறங்கித்தான் கால் போகும், கனெக்ட் ஆக லேட் ஆகும், பேசி முடிக்கிற வரைக்கும் நெட்டும் மந்தமாயிடும், இல்ல நின்னே போயிடும். வெளிநாட்டுல இருந்து யாராவது வாங்கிட்டு வந்த போனா இருந்தா சில மாடல்ல நம்ம ஊர் சிம்முக்கு வோல்டி ஆப்ஷனே வராது, அதையும் பாத்துக்கங்க. வீட்ல வைஃபை இருந்தா வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, டவருக்கு பதிலா வைஃபை வழியா சாதா கால் போகும், தனி காசு இல்ல. என் பெட்ரூம் பிரச்சனை இதுலயே தீந்துச்சு. ஒரே தொல்லை, பேசிட்டே வாசலுக்குப் போனா வைஃபைல இருந்து டவருக்கு மாறுற எடத்துல சில சமயம் தொங்கும்.

5ஜி வீக்கா வர்ற வீட்ல ரெண்டு நாள் 4ஜி மட்டும் போட்டுப் பாருங்க. 5ஜிக்கு அதிகமா யூஸ் பண்ற 3.3 கிகாஹெர்ட்ஸ் அலை செவுத்த தாண்ட ரொம்ப கஷ்டப்படும், போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் தாவிட்டே இருந்தா சார்ஜ் போகத்தான் செய்யும். வாட்ஸப் கால் மட்டும் அடிக்காம மிஸ்டு கால்னு காட்டுனா அதுக்கும் டவருக்கும் சம்பந்தமில்ல, பேட்டரி சேவர் வாட்ஸப்ப தூங்க வச்சிருக்கும், ஆப் இன்ஃபோல பேட்டரின்னு போயி அன்ரெஸ்ட்ரிக்டட்னு மாத்திடுங்க.

பேட்டரிய பத்தி மொத மூணு நாலு நாள் எந்த முடிவுக்கும் வராதீங்க. பழைய போன்ல இருந்து எல்லாத்தையும் எறக்கி, போட்டோவ எல்லாம் ஸ்கேன் பண்ணி, ஆப் அப்டேட் ஆகி அது ஒரு வழிக்கு வரவே அவ்ளோ நாளாகும். புது போன எட்டு மணி நேரம் சார்ஜ்ல போடணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதெல்லாம் பழைய நிக்கல் பேட்டரி காலத்துக் கதை. ஸ்க்ரீன் ரிஃப்ரெஷ் ரேட்ட 120 ஹெர்ட்ஸ்ல இருந்து 60 ஆக்குனா கொஞ்சம் மிச்சமாகும், எனக்கு கண்ணு ஒத்துக்கல, திருப்பி மாத்திட்டேன். ரீசன்ட்ஸ்ல இருக்கற ஆப்ப எல்லாம் தள்ளிவிட்டுட்டே இருக்கறதும் வேண்டாம், திரும்ப மொதல்ல இருந்து தொறக்க இன்னும் சார்ஜ் போகும்.

எல்லாம் பாத்தும் போன் தான்னு தெரிஞ்சா லேட் பண்ணாதீங்க, ஆன்லைன்ல வாங்குனா மாத்தித் தர்ற நாள் பெரும்பாலும் ஏழுதான். ரெண்டு ராத்திரி பர்சன்டேஜ், சிக்னல் நம்பர், கட் ஆன நேரம் எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுட்டு போங்க, சும்மா "கட் ஆகுது"ன்னு சொன்னா சாஃப்ட்வேர் போட்டு அனுப்பிடுவாங்க, என்னை அப்படித்தான் அனுப்புனாங்க. மசியலைன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.

நெட்வொர்க் தான் தப்புன்னா 198ல கம்ப்ளைன்ட் பண்ணி டாக்கெட் நம்பர் (புகார் நம்பர்) வாங்கிக்கங்க. கட் ஆன காலுக்கு ஒரு ரூபா, ஒரு நாளைக்கு மூணு ரூபா வரைக்கும் கஸ்டமருக்கு தரணும்னு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015ல போட்ட உத்தரவு 2016ல சுப்ரீம் கோர்ட்ல அடிபட்டுப்போச்சு, அதனால காசு எதிர்பாக்காதீங்க. சிம் வெட்டி வெட்டி சின்னதாக்குன பழைய சிம்மா இருந்தா மாத்திடுங்க, ஆனா புது சிம் ஆக்டிவேட் ஆகி 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது, அன்னைக்கு பேங்க் வேலை வச்சுக்காதீங்க. அதே நம்பரோட வேற நெட்வொர்க்குக்கு போர்ட் பண்ற ஐடியா இருந்தா சிம் மாத்தி ஏழு நாள் கழிச்சுத்தான் முடியும். அதுக்கு முன்னாடி நீங்க போற நெட்வொர்க் சிம் வச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரர ஒரு பத்து நிமிஷம் உங்க பெட்ரூம்ல உக்கார வச்சு பேசச் சொல்லுங்க.