செக்கிங் முடியும் முன்பே வேலைக்கு வரச் சொன்னால்: புதிதாகச் சேருபவர்களுக்குப் படிப்படியாக

"நாளைக்கே வாங்கோ, பேப்பர் எல்லாம் பிறகு பார்ப்பம்." திருகோணமலையில் வேலை தேடித் திரியும் ஒருவருக்கு இதைக் கேட்டதும் பாதி உயிர் வந்துவிடும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை சீசன் என்பதால் ஏப்ரலிலேயே ஹோட்டல்கள் அவசரமாக ஆள் எடுக்கத் தொடங்கிவிடும், ஆனால் சித்திரை வருடப்பிறப்பு லீவும் அதே ஏப்ரலில்தான் வருகிறது, கந்தோர்களில் ஒரு கையெழுத்துக்கே அலைய வேண்டியிருக்கும். அதனால் பொலிஸ் ரிப்போர்ட், விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) சான்றிதழ், மெடிக்கல், பழைய இடத்தில் விசாரிப்பது என்று ஒன்றும் முடியாமலே யூனிஃபோர்ம் போட்டுக்கொண்டு நிற்பீர்கள். ஹோட்டல் மட்டுமல்ல, கடை, வங்கி, சீனக்குடாப் பக்கத்துத் தொழிற்சாலை, என்.ஜி.ஓ. எல்லாவற்றிலும் இது நடக்கிறது.

சேரலாம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை இன்னும் உறுதியாகவில்லை என்பதை மறக்காமல் சேர வேண்டும், அந்த இடைக்காலத்தில் கையில் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிகள்.

படி 1: பழைய வேலையை உடனே விடாதீர்கள்

இப்போது எங்காவது வேலை செய்துகொண்டிருந்தால், வாய்ப்பேச்சை நம்பி இராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டாம். புதிய இடத்தின் கடிதம் கைக்கு வரட்டும், அதில் உள்ள நிபந்தனைகளை வாசியுங்கள், அதன் பிறகு கொடுங்கள். பழைய நியமனக் கடிதத்தில் ஒரு மாத முன்னறிவித்தல் என்று போட்டிருந்தால் புதிய முதலாளியிடம் அதைச் சொல்லி நாள் கேளுங்கள். சீசன் அவசரம் அவருடையது, அதற்காக நீங்கள் பழைய இடத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை, ஏனென்றால் விசாரிக்க அவர் கூப்பிடப் போவதும் அதே பழைய இடத்தைத்தான்.

படி 2: என்னென்ன பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்

இதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்ற பயம். உண்மையில் கேட்காத ஆளைவிடக் கேட்கும் ஆளைத்தான் மனிதவளப் பிரிவுக்குப் பிடிக்கும், வேலை குறையும் பாருங்கள். வட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்:

"வணக்கம் சேர், திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். என்னிடமிருந்து இன்னும் என்னென்ன சான்றிதழ் வேண்டும், எத்தனையாம் தேதிக்குள் வேண்டும், நீங்கள் நேரடியாக விசாரிப்பவை எவை என்று சொன்னால் ஆயத்தமாக இருப்பேன்."

பதிலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, லீசிங் கம்பெனி என்றால் உங்கள் கடன் விவரத்தை கிரிப்பில் (கடன் தகவல் பணியகத்தில்) பார்க்கவும் கூடும், கட்டாமல் விட்ட போன் லீசிங் ஏதாவது இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. சமையலறை வேலைக்குப் போகிறவர்கள் மெடிக்கலைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

படி 3: கடிதம்

எல்லாப் படியிலும் முக்கியமானது இது. கடை, கந்தோர் வேலை என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது, வேலைக்குச் சேரும் அன்றே வேலை விவரங்கள் அடங்கிய கடிதம் தர வேண்டும் என்பது அதன் 17ஆம் பிரிவு. பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம் எவ்வளவு, அந்தக் காலத்தில் எப்படி நிறுத்தலாம் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். "மூன்று மாதம் போகட்டும், பிறகு கடிதம் தருவோம்" என்பது ஊரில் பழகிப்போன பேச்சு, சட்டத்தில் அப்படி இல்லை.

செக்கிங் முடியாமல் சேருகிறவர்களுக்கு அந்தக் கடிதத்தில் கூடுதலாக மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். நியமனம் எந்தெந்தச் சான்றிதழுக்கு உட்பட்டது என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும், "எல்லாச் சரிபார்ப்புகளுக்கும் உட்பட்டது" என்று மட்டும் இருந்தால் அதற்குள் எதையும் நுழைக்கலாம். எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். ஏதாவது சரிவராவிட்டால் அதுவரை செய்த வேலைக்குச் சம்பளம் உண்டு என்று இருக்க வேண்டும், கேட்டு வாங்காமலே அது உங்கள் உரிமைதான், எழுத்தில் இருந்தால் பிறகு வாக்குவாதம் குறையும். முழுக் கடிதம் தயாராக நாள் எடுக்கும் என்றால் இந்த மூன்றையும் ஒரு ஈமெயிலில் எழுதி, "நாம் பேசியபடி" என்று அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள்.

வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள். அசலைக் காட்டலாம், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், பைலுக்குப் போட்டோக் கொப்பி போதும். அசலைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆளை விடாமல் இழுத்தடிக்கும் இடங்கள் இருக்கின்றன, பெயர் சொல்ல வேண்டாம்.

படி 4: உங்கள் பக்கத்துப் பேப்பர்களை ஓட விடுங்கள்

விதானையாரின் வதிவிட, நற்சான்றிதழை முதலில் எடுங்கள். அவர் எல்லா நாளும் கந்தோரில் இருக்க மாட்டார், வெளிவேலை நாள் வேறு, எந்த நாளில் இருப்பார் என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் லீவு மிச்சம். பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும், டவுனில் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: மூதூரிலோ வெருகலிலோ வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும், ஆள் உப்புவெளியில் வாடகை அறையில் இருப்பார். உப்புவெளி விதானையார் "உங்களை எனக்குத் தெரியாதே" என்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பதிவு உள்ள இடத்துக்கே போய் எடுங்கள், தற்போதைய முகவரி வேறு என்பதை வேலைத்தளத்தில் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பொலிஸ் ரிப்போர்ட் என்றால் எந்தச் சான்றிதழைச் சொல்கிறார்கள் என்று வேலைத்தளத்தில் கேட்க வேண்டும். பொலிஸ் தலைமையகத்தின் சான்றிதழுக்கு ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், நீங்கள் இருந்த முகவரிகளுக்குரிய பொலிஸ் நிலையங்களில் விசாரித்துவிட்டுத்தான் அது வரும். கொழும்பில் போர்டிங்கில் இருந்து படித்தவர் என்றால் அங்கேயும் ஒரு விசாரணை போகும், நாள் இழுக்கும். இதை "ஸ்பீடாக்கித் தருகிறேன்" என்று காசு கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள், அப்படி வந்த பேப்பர் போலி என்று தெரிந்தால் வேலை போவதோடு முடியாது.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், ஓ.எல். பெறுபேற்றில் அப்பாவின் பெயர் ஒரு எழுத்துக் குறைய. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது கிளார்க் எழுதியதே பெயராகிவிடுகிறது, நம் தலைமுறையில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை. சரிபார்க்கிறவர் உங்களைத் தெரியாத ஆள், அவருக்கு அது இரண்டு மனிதர். ஆகவே சேரும் முன்பே எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து பைலோடு சேர்த்துக் கொடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் அதற்குள் "சந்தேகம்" என்று குறிப்பு எழுதியிருப்பார்கள்.

படி 5: முதல் வாரங்களில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

காசு, திறப்பு, பாஸ்வேர்ட். இந்த மூன்றும் உங்கள் பெயரில் வர இன்னும் காலம் இருக்கிறது. ரிசப்ஷனில் ஆள் இல்லை என்று கல்லாவை உங்களிடம் விட்டுப்போனால், எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. மற்றவரின் லொகினில் வேலை செய்யச் சொன்னால் மெதுவாக மறுத்து, உங்களுக்கு ஒன்று எப்போது வரும் என்று கேளுங்கள். ரிப்போர்ட் வராத ஆள் இருக்கும் இடத்தில் கணக்கு இடித்தால் முதலில் யாரைப் பார்ப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வந்த நேரம், போன நேரத்தைப் போனில் தினமும் குறித்து வையுங்கள்.

படி 6: சம்பளம், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி)

"ரிப்போர்ட் வந்த பிறகுதான் ஈ.பி.எஃப்." என்பார்கள். இல்லை. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியுடையது, உங்களிடம் கழிக்கக்கூடாது. கணக்கிடும் சம்பளம் 40,000 ரூபா என்றால் உங்களிடம் 3,200, அவர் தருவது 4,800, ஈ.டி.எஃப். 1,200. சம்பளச் சீட்டில் 8 வீதத்தைக் கழித்திருந்தால் அங்கத்தவர் இலக்கம் என்ன என்று கேளுங்கள்.

படி 7: இழுத்தால் நினைவூட்டுங்கள், சரிவராவிட்டால் காரணம் கேளுங்கள்

வாரம் ஒருமுறை ஒரு சின்ன மெசேஜ் போதும்: எது வந்தது, எது வரவில்லை, உங்கள் பக்கத்தில் செய்ய என்ன மிச்சம். எல்லாம் வந்தவுடன் "சரிபார்ப்பு முடிந்தது" என்று எழுத்தில் வாங்குங்கள், வாயால் சொன்னால் முகாமையாளர் மாறும்போது அதுவும் மாறும்.

ஏதோ ஒன்று சரிவரவில்லை என்று நிறுத்தப் பார்த்தால் எந்த ஆவணம், அதில் என்ன பிரச்சினை என்று கேளுங்கள். பெயர் வித்தியாசமோ பழைய இடத்தில் போன் எடுக்காததோ என்றால் ஒரு வாரம் அவகாசம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆட்களை நிறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில், முந்தைய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்தவர்களுக்குத்தான். முதல் மாதங்களில் அது உங்களுக்குக் கைகொடுக்காது, கையில் உள்ள கடிதம்தான் பேசும். செய்த நாட்களுக்குச் சம்பளமோ ஈ.பி.எஃப்.போ தராவிட்டால் அது வேறு கதை, கடிதம், சம்பளச் சீட்டு, போனில் குறித்த நேரங்கள், ஸ்கிரீன்ஷொட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திருகோணமலைத் தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள், அதற்கு லோயர் பிடிக்கத் தேவையில்லை.